பூசை நம்பர்

கோயில் மேடையில் செருப்போடு ஏறமுடியாது. கிற்றார் வாசிக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய தலையிடி என்று கோயில்காரருக்கும் தெரியாது, பெடல் செய்கிற கம்பனிக்காரனுக்கும் தெரியாது. கம்பனிக்காரன் சப்பாத்துக் காலை நினைத்துத்தான் அந்த இரும்புப் பொத்தான்களைச் செய்திருக்கிறான். வெறுங்காலால் மிதித்தால் உள்ளங்காலில் குத்தும். பெருவிரலால் அமத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமரும். பின்னேர வெயிலுக்குள் சாமான் இறக்கி வைத்தால், நிகழ்ச்சி தொடங்கும் வரைக்கும் அந்த இரும்பில் சூடு இருக்கும். எங்கள் குழு வாசிக்கிற இடங்களில் பாதிக்கு மேல் கோயில்கள்தான். ஆகவே வருடத்தில் பாதி நாள் நான் காலைச் சுட்டுக்கொண்டு வாசித்தேன்.

பெடல் என்று நான் சொல்வது காலடியில் கிடக்கும் ஒரு தட்டையான பெட்டி. கிற்றாரின் சத்தம் அதற்குள் போய் வேறொரு சத்தமாக வெளியே வரும். ஒரு பாட்டுக்குத் தெளிவான சத்தம் வேண்டும், இன்னொன்றுக்கு எதிரொலி, குத்துப்பாட்டுக்குக் கரகரப்பு. வீட்டில் இருந்து பொறுமையாக ஒவ்வொன்றையும் செய்து ஒவ்வொரு நம்பரில் வைத்துவிட்டால், மேடையில் அந்த நம்பரை மிதித்தால் போதும். அந்தப் 'போதும்'தான் எனக்கு வாய்க்கவில்லை. பரந்தனுக்குக் கிட்ட ஒரு பிள்ளையார் கோயிலில் முதல் பக்திப்பாட்டுக்கே என் பெருவிரல் இரண்டு பொத்தானை ஒன்றாய் அமத்தி, காது கிழிகிற கரகரப்பு வந்தது. முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். வேறு ஒருவரும் தட்டவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தது என் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர், எங்கள் குழுவில் கீபோட். கலியாணத்துக்குப் பிறகுதான் குழுவுக்கு வந்தாள். வந்து கொஞ்ச நாளிலேயே என்னைவிட முக்கியமான ஆளாகிவிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் நிறையப் பெருமையும் இருந்தது. ஒருநாள் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தன் கீபோட்டின் பின்பக்கத்தில் ஐந்து துளை வைத்த ஒரு வட்டச் சொக்கற் இருப்பதையும், அதே வட்டம் என் பெடலிலும் இருப்பதையும் கண்டாள்.

"இது என்னத்துக்கு?"

"மிடி. அதுக்கு ஒரு வயர் இருக்கு. ரெண்டையும் கொழுவினால் உம்மட கீபோட் என்ர பெடலுக்கு நம்பர் அனுப்பும்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் காலோட மல்லுக்கட்டினனீங்கள்? நான் அனுப்பிறன். நீங்கள் வாசியுங்கோ."

அந்த வயரால் சத்தம் போகாது. அதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. நம்பர் மட்டும்தான் போகும். பாட்டு மாறும்போது அவள் தன் கீபோட்டில் அந்தப் பாட்டுக்குரிய பொத்தானை அமத்துவாள். அவளுடைய சத்தம் மாறும், தாளம் மாறும், அதோடு ஒரு நம்பர் வயரால் வந்து என் பெடலையும் மாற்றிவிடும். நான் காலைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்கலாம்.

முதல் நாள் பளையில் ஒரு அம்மன் கோயில். எல்லாப் பாட்டும் பிழைத்தது. அவளுடைய கீபோட் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது, என் பெடல் பூச்சியத்திலிருந்து. அது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்கு முந்திய பாட்டின் சத்தம் வந்தது. நான் அவளை முறைத்தேன், அவள் என்னை முறைத்தாள். பாட் என்கிற மின்தாளப் பெட்டி அடிக்கிற அண்ணைதான் எங்கள் குழுவின் தலைவர். சவுண்ட் பெட்டிகளும், அவற்றை ஏற்றுகிற பட்டா என்கிற சின்ன லொறியும் அவருடையவை. அவர் இடைவேளையில் வந்து, "புருசன் பெண்சாதிச் சண்டையை வீட்டில வைச்சுக்கொள்ளுங்கோ, மேடைக்குக் கொண்டு வராதையுங்கோ" என்றார். வீட்டுக்கு வந்து பிழை பிடிபட்டதும் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

பிறகு அவள் அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். நம்பர் மாறுகிற நேரத்தில் பெடலின் சத்தம் ஒரு இமைப்பொழுது அறும். வாசித்துக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். என் கை தந்தியை விட்டு எழும்புகிற இடம் பார்த்து அனுப்ப வேண்டும். அவள் தன் கீபோட் கட்டைகளைப் பார்க்காமல் என் வலது கையைப் பார்த்து வாசிக்கப் பழகினாள். நான் எங்கே மூச்சு விடுவேன், எங்கே ஒரு சுரத்தை வேண்டுமென்றே இழுப்பேன் என்றெல்லாம் அவளுக்குப் பாடம். ஒருநாளும் என் சத்தம் அறுந்ததாகச் சபையில் இருந்த ஒருவருக்கும் தெரிந்ததில்லை.

பூசை நம்பரையும் அவள்தான் செய்வித்தாள். கோயிலில் நாங்கள் எந்தப் பாட்டின் நடுவில் நின்றாலும் பூசை மணி கேட்டால் அந்த இடத்திலேயே நிற்பாட்ட வேண்டும். பாட்டுக்காரர் நிற்பார், பாட் நிற்கும், கீபோட் நிற்கும். என் கை நின்றாலும் பெடலுக்குள் இருக்கிற எதிரொலி நிற்காது. அது தன்பாட்டில் இன்னும் நாலைந்து தரம் சொல்லிவிட்டுத்தான் அடங்கும். ஒரு கோயில் தலைவர் நேரே மேடைக்கே வந்துவிட்டார். "தம்பி, உள்ளுக்கு அம்மாளுக்குத் தீபம் காட்டேக்க உம்மட பெட்டி என்ன முனகுது?" என்று கேட்டார். அதற்காக ஒரு வெறும் நம்பர் செய்தேன். எதிரொலி இல்லை, சத்தமே இல்லை. அந்த நம்பர் வந்தால் கிற்றாரை என்ன செய்தாலும் வெளியே ஒன்றும் கேட்காது. மணிச் சத்தம் எனக்கு முதல் அவளுக்குத்தான் கேட்கும். கீபோட்டின் மூலையில் ஒரு பொத்தானை அதற்கென்றே வைத்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பூசை நம்பர் என்றோம்.

இவ்வளவும் பிள்ளைக்கு முந்திய கதை.

பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. பெண் பிள்ளை. இவளை மயக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படியான பிள்ளையைத் தாய்க்குக் காட்டுவதில்லை. ஆம்பிளைகள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். தாய் கண் விழிக்கிறபோது எல்லாம் முடிந்திருக்கும். அது தாயின் நன்மைக்கென்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன், அல்லது நம்புகிறேனா இல்லையா என்று யோசிக்கிற நிலையில் இருக்கவில்லை. நானும் அண்ணையும் அவளுடைய தமையனும் போனோம். துணியை விலக்கி நான் முகத்தைப் பார்த்தேன். மற்ற இருவரும் பார்க்கவில்லை. இந்த உலகத்தில் அந்த முகத்தை வீட்டு ஆட்களில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் வரவில்லை. பரந்தன் சந்தியில் எனக்கு ஒரு ஃபோன் திருத்துகிற கடை இருக்கிறது. அந்தக் கிழமையே திறந்துவிட்டேன். உடைந்த கண்ணாடிகளைக் கழற்றினேன், புதுக் கண்ணாடிகளைப் பூட்டினேன். ஆட்கள் வந்து துக்கம் கேட்டார்கள், நான் அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். அவர்கள் போன பிறகு கதிரையை மடித்து வைத்தேன். பல்லுப் பிடுங்குகிறபோது ஊசி போட்டுவிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. தொடுகிற விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது.

அவள் பளையில் தாய் வீட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் போனாள். பிறகு ஒருநாள் ஒத்திகைக்கு நான் வெளிக்கிட, தானும் வருகிறேன் என்று கீபோட்டுக்கு உறையைப் போட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது ஒன்றையும் ஏன் என்று கேட்கிற வழக்கம் விட்டுப்போயிருந்தது.

"தண்ணி மோட்டர் போட்டனீங்களோ?"

"ஓம்."

"கொக்கிளாய்க் கடல் மீனெண்டு ஒரு ஆள் கொண்டுவந்தவர். வேண்டேல்லை."

"சரி."

இவ்வளவுதான் கதை. சில நாள் இதுவும் இல்லை. நான் பார்த்ததை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவள் கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. "அவவாக் கேக்காமல் நீர் ஒண்டும் வாய் திறக்காதையும், இப்பதான் எழும்பி நடக்கிறா" என்று அண்ணை சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் திறந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரே வீட்டில், ஒரே மேசையில், நான் கண்டதும் அவள் காணாததுமான ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் எவ்வளவு காலம் இருக்கமுடியும்? அவள் ஒருநாள் தாய் வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அந்த எண்ணம்கூட என்னைப் பயப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

மேடையில் மட்டும் எல்லாம் முன்போலவே நடந்தது. என் கை எழும்புகிற இடத்தில் நம்பர் வந்து விழும். பெடலின் சின்னத் திரையில் எண் மாறும். ஒருநாளாவது பிந்தவில்லை, பிழைக்கவில்லை. வீட்டில் என் முகத்தைப் பார்க்காதவள் மேடையில் இரண்டு மணித்தியாலம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை முடிய வயரைச் சுருட்டி அவளே பையில் போடுவாள்.

அப்படி இருக்கையில்தான் அண்ணை ஒரு முதலாம் பிறந்தநாள் பிடித்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டில் இருந்து வந்த குடும்பம், பெரிய மண்டபம், பகல் விருந்து. என்னிடம் சொல்லாமல் நேரே அவளிடம் சொன்னார்.

"தங்கச்சி, இது ஒரு பிறந்தநாள் விழா. உமக்கு ஏலாதெண்டா நில்லும். நான் கீபோட்டுக்கு வேற ஆளைப் பாக்கிறன்."

"ஏன் அண்ணை, பிறந்தநாளுக்கு வேற கீபோட்டோ வேணும்?" என்றாள்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அந்தக் குலுக்கலை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. அன்று அதுதான் என்னிடம் இருந்தது.

மண்டபத்தில் பலூன்கள். நடுவில் பிள்ளையின் படம், ஆளுயரத்துக்கு. இது கோயில் இல்லை, செருப்போடு நிற்கலாம். ஆனாலும் நான் பழக்கத்தில் கழற்றிவிட்டே ஏறினேன். கேக் வெட்டினார்கள். குத்துப்பாட்டுகள் போட்டோம், சிறுவர்கள் ஆடினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவளுடைய முகத்திலும் ஒன்றும் இல்லை. பிறகு பிள்ளையின் தாய் மேடைக்குக் கிட்ட வந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு தாலாட்டுப் பாட்டுப் படிப்பீங்களோ? இவள் நித்திரைக்கு அழுகிறாள்" என்று கேட்டா. நல்ல மாதிரியான பெண். அவ கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

எங்களிடம் ஒரு பழைய தாலாட்டு இருந்தது. பாடகர் தொடங்கினார். முதல் அடிகளுக்குக் கீபோட் மட்டும் மெல்லப் போகும். நடுவில் கிற்றார் தனியாக வரும். அதற்கென்று நீளமான எதிரொலியோடு ஒரு சத்தத்தை நான் செய்து வைத்திருந்தேன். ஒரு தந்தியைத் தொட்டால் அது மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வரும். என் இடம் வருகிறது, கையைத் தூக்குகிறேன், நம்பர் வருகிறது. தந்தியைத் தொட்டேன். சத்தம் இல்லை.

திரையைப் பார்த்தேன். பூசை நம்பர்.

பிழையாக அமத்திவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தன் கட்டையைப் பார்த்து, என் பகுதியை, நான் வாசிக்க வேண்டிய அதே வரியை, புல்லாங்குழல் சத்தத்தில் தானே வாசித்துக்கொண்டிருந்தாள். என் கால் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பெருவிரலை ஒருக்கால் வைத்தால் சத்தம் வந்துவிடும். வைக்கவில்லை. கையையும் நிற்பாட்டவில்லை. பாட்டு முடியும் வரைக்கும் சத்தமில்லாத கிற்றாரை ஒரு சுரமும் விடாமல் வாசித்தேன். பிள்ளை தாயின் தோளில் நித்திரையாகிவிட்டது. சனம் மெல்லமாகக் கைதட்டியது.

"வயர் விட்டிட்டுதோ?" என்று அண்ணை பிறகு கேட்டார்.

"ஓம் அண்ணை. வயர்தான்."

சாப்பாடு தந்தார்கள். அவள் ரோல்ஸ் ஒன்றும் கேக் ஒரு துண்டும் சாப்பிட்டாள், கை கழுவினாள், வயரைச் சுருட்டினாள். கீபோட்டும் பெடலும் பட்டாவில் ஏறின. நாங்கள் அவளுடைய ஸ்கூட்டியில் வந்தோம். நான் ஓட, அவள் பின்னால். வாய்க்கால் ஓரமாக வரும்போது இரண்டு பக்கமும் வயல் பச்சையாக நின்றது. நல்ல வெயில். அவள் என் முதுகில் தட்டினாள்.

"நிப்பாட்டுங்கோ."

வாய்க்கால் கட்டில் நிற்பாட்டினேன். இறங்கி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சத்தம் இல்லையெண்டு தெரிஞ்சும் ஏன் வாசிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"நீர் திருப்பிப் போடுவீர் எண்டு பாத்தன்."

"நான் தெரிஞ்சுதான் போட்டனான். உங்கட சத்தம் வந்திருந்தால் நான் அதில விழுந்திருப்பன்."

நானும் இறங்கினேன். கிற்றார் முதுகில் பாரமாக இருந்தது.

"நீங்கள் முகம் பாத்தனீங்கள் என்ன?"

"ஓம்."

"என்ர அண்ணாதான் சொன்னவன், நீங்கள் மட்டும்தான் பாத்ததெண்டு. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

"அம்மா கேக்கவேண்டாமெண்டவா. அவரைக் கேட்டு நோகப்பண்ணாதை, அந்தாள் அழாமல் வைச்சுக்கொண்டு திரியுது, உடைஞ்சு போயிடுமெண்டு சொன்னவா. நான் ஒவ்வொரு நாளும் உங்கட வாயைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"எனக்கும் சொல்லவேண்டாமெண்டுதான் சொன்னவை" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு விசர்க்கதை என்று எனக்குப் பட்டது. எங்கள் இருவரையும் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பக்கத்தாலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாங்களும் கட்டவிட்டுக்கொண்டு இருந்தோம்.

"இப்ப கேக்கிறன். சொல்லுங்கோ."

சொன்னேன். கடையில் ஒருவருக்கு ஃபோனில் என்ன பழுது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். வேறு குரல் என்னிடம் இருக்கவில்லை. தலைமயிர் நிறைய, கறுப்பு. கண் மூடியிருந்தது. மூக்கு அவளுடைய தாயின் மூக்கு. விரல்கள் நீளம், நகம்கூட வந்திருந்தது. கீழுதடு கொஞ்சம் முன்னுக்கு, ஏதோ கோபம் மாதிரி.

"கோபமோ?"

"உமக்குப் பாட்டுப் பிழைச்சால் வாற கோபம் மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து நின்றது. வாய்க்கால் பக்கம் திரும்பினாள்.

"என்னத்தால சுத்தினனீங்கள்?"

"ஆசுப்பத்திரித் துணி ஒண்டு தந்தவை. அது முரடு. அதுக்கு உள்ளுக்கு என்ர சேட்டைக் கழட்டிச் சுத்தினனான்."

"எந்தச் சேட்?"

"அந்த நீலம். முழுக்கை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதை நான் அலுமாரி முழுக்கக் கிளறித் தேடினனான்" என்றாள். "கொடியில காயப்போட்டு ஆரும் எடுத்திட்டாங்களெண்டு நினைச்சன்." பிறகு, "அது நல்ல மெத்தெண்ட சேட்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் என்று அதைச் சொல்லமுடியாது. வாயைத் திறந்து, மாடு கத்துகிற மாதிரிக் கத்தினேன். வயலுக்குள் மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்தார். அவள் என்னைத் தேற்றவில்லை, அழாதையுங்கோ என்று சொல்லவில்லை. என் சேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முந்தானையால் முதலில் என் முகத்தையும் பிறகு தன் முகத்தையும் துடைத்தாள்.

"ஸ்கூட்டித் திறப்பைத் தாங்கோ" என்றாள். "உங்களுக்கு இப்ப றோட்டுத் தெரியாது. பின்னால ஏறுங்கோ."

கிற்றாரோடு பின்னால் ஏறினேன். சந்திக்கு வந்ததும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மயானத்துக்குப் போகிற ஒழுங்கைக்குள் விட்டாள். அங்கே வேலியடியில் ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு, "எதெண்டு காட்டுங்கோ" என்றாள். நான் முன்னால் நடந்தேன்.